மார்பகத்தை முழுசா எடுக்கணுமா, கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் பற்றி ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருந்ததால் ஊர் மட்டும் கொடுத்திருக்கிறோம். பதில்கள்: புற்றுநோய் அறுவை சிகிச்சை மருத்துவர்கள்.

கேள்வி: எனக்கு 46 வயது. இடது மார்பில் இரண்டரை செ.மீ. கட்டி. சதை எடுத்து டெஸ்ட் செய்ததில் கேன்சர் என்று வந்துவிட்டது. மதுரையில் பார்த்த டாக்டர், கட்டியை மட்டும் எடுத்துவிட்டு கரண்ட் (ரேடியேஷன்) வைத்தால் போதும், மார்பைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார். மாமியாரோ, "அரைகுறையா வச்சா திரும்ப வரும், முழுசா எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்கிறார். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். மாசக்கணக்கில் மதுரையில் கிடக்க முடியாதே என்று அவருக்கும் யோசனை. எது நல்லது? (தங்கச்சிமடம்)

பதில்: உயிர் பிழைப்பதைப் பொறுத்தவரை இரண்டும் சமம். இது ஒரு டாக்டரின் அபிப்பிராயம் இல்லை. இத்தாலியின் மிலான் நகரில் 1973 முதல் 1980 வரை 701 பெண்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மார்பகம் முழுவதையும், மறு பாதிக்குக் கட்டி இருந்த கால் பகுதியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தார்கள். 20 வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் இறந்தவர்கள் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் 1976-ல் தொடங்கிய இன்னொரு பெரிய ஆய்வும் 20 வருட முடிவில் அதையேதான் சொன்னது.

காரணம் எளிது. இந்த நோயில் உயிரை எடுப்பது மார்பில் இருக்கும் கட்டி அல்ல. ஆபரேஷனுக்கு முன்பே ரத்தத்தின் வழியாக எலும்புக்கோ ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போய்ச் சேர்ந்துவிட்ட செல்கள்தான். மார்பை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் அவை அகப்படாது. அவற்றுக்குத்தான் கீமோ, ஹார்மோன் மாத்திரை, ஹெர்-2 (சில கட்டிகளில் அதிகமாக இருக்கும் ஒரு புரதம்) ஊசி எல்லாம்.

உங்கள் மாமியார் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதே மார்பில் மறுபடி கட்டி வரும் வாய்ப்பு, மார்பை வைத்துக்கொண்டவர்களுக்குச் சற்று அதிகம்தான். மிலான் ஆய்வில் 20 வருடத்தில் அப்படி வந்தது 8.8 சதவீதம் பேருக்கு. முழுசாக எடுத்தவர்களில் 2.3 சதவீதம். எடுத்துவிட்டாலும் தழும்பின் மேலேயே திரும்ப வரலாம் என்பதைக் கவனியுங்கள். பூஜ்யம் என்று ஒன்று இல்லை. மார்பில் திரும்ப வந்தால் அப்போது மார்பகத்தை எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் ரேடியேஷனைத் தவிர்த்தால் கணக்கு தலைகீழாகிவிடும். அமெரிக்க ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுக்காமல் விட்டவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பில் திரும்பியது. கொடுத்தவர்களில் 14.3 சதவீதம். ஆகவே கட்டியை எடுப்பதும் கரண்ட் வைப்பதும் சேர்ந்துதான் ஒரு சிகிச்சை. ஒன்றை மட்டும் செய்துகொண்டு மற்றதை விடுவதாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கவே கூடாது.

இனி மதுரைப் பயணம். முன்பு வாரம் 5 நாள் வீதம் 5 வாரம், 25 தடவை கொடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் 15 தடவை, 3 வாரத்தில் முடிகிறது. 2020-ல் வெளியான ஆய்வுக்குப் பிறகு, தகுந்தவர்களுக்கு 5 தடவை, ஒரே வாரம் என்றும் கொடுக்கிறார்கள். உங்கள் வயதுக்குக் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகச் சில தடவை சேர்ப்பார்கள். "எனக்கு மொத்தம் எத்தனை தடவை?" என்று ரேடியேஷன் டாக்டரிடம் ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேளுங்கள். பலர் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் அவரைப் பார்க்கிறார்கள். அப்போது முடிவு கைவிட்டுப் போயிருக்கும்.

ஒரு கண்ணியையும் சொல்லிவிட வேண்டும். மதுரைக்கு அலைய வேண்டாம் என்பதற்காகவே முழு மார்பையும் எடுத்துக்கொண்டு, பிறகு அக்குள் நெறிக்கட்டியில் நோய் இருப்பது தெரிந்து, அதே ரேடியேஷனுக்கு அதே மதுரைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, 4 அல்லது அதற்கு மேற்பட்ட நெறிக்கட்டிகளில் நோய் இருந்தாலோ மார்பை எடுத்த பிறகும் ரேடியேஷன் உண்டு. 1 முதல் 3 வரை இருந்தாலும் பலருக்குக் கொடுக்கிறார்கள். ஆகவே முதலில் அக்குளை ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகமான நெறிக்கட்டி இருந்தால் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் நோய் இருந்தால், எந்த ஆபரேஷன் செய்தாலும் மதுரைப் பயணம் அநேகமாக உறுதி. பிறகு எதற்கு மார்பை இழக்க வேண்டும்?

மார்பகத்தை எடுத்தே ஆக வேண்டிய நிலைகளும் உண்டு. மார்பில் வெவ்வேறு மூலைகளில் கட்டிகள் இருந்து எல்லாவற்றையும் எடுத்தால் உருவமே நிற்காது என்றால். மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) சுண்ணாம்புப் பொடி போன்ற புள்ளிகள் மார்பு முழுக்கப் பரவியிருந்தால். மார்புத் தோலே வீங்கிச் சிவந்து ஆரஞ்சுத் தோல் போல் ஆகியிருந்தால். அந்த மார்பில் ஏற்கெனவே ரேடியேஷன் வாங்கியிருந்தால். முதல் ஆறு மாதக் கர்ப்பத்தில் இருந்து ரேடியேஷனைத் தள்ளிப்போட முடியாவிட்டால். சிறிய மார்பில் பெரிய கட்டி என்றாலும் சிக்கல்தான். மார்பின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டிவந்தால் குழி விழும். பக்கத்துத் திசுவை நகர்த்தி அதை நிரப்பும் முறை தெரிந்த சர்ஜன் இருந்தால் அதையும் ஓரளவு சமாளிக்கலாம்.

உங்கள் கட்டி இரண்டரை செ.மீ.தான். மேலே சொன்னது எதுவும் இல்லை, 3 வாரம் மதுரையில் தங்க ஒரு வழியும் இருக்கிறது என்றால், எங்கள் யோசனை மார்பை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. வழியே இல்லை, பாதியில் விட்டுவிட்டு வரும் நிலைமைதான் என்றால் முழுசாக எடுத்துக்கொள்வது நேர்மையான முடிவு. அதைக் குறைச்சலாக நினைக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் அக்காவுக்கு மார்பில் ஒரு கட்டி. உள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சாதாரணக் கட்டி என்று நினைத்து எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் கேன்சர் என்று வந்திருக்கிறது. "கட்டிதான் போய்விட்டதே, இனி என்ன" என்கிறார் அக்கா. (தொண்டி)

பதில்: போகவில்லை. சாதாரணக் கட்டி என்று எண்ணி எடுக்கும்போது அதை ஒட்டி வெட்டி எடுப்பார்கள். கேன்சர் என்று தெரிந்து எடுக்கும்போது சுற்றிலும் ஏறக்குறைய 1 செ.மீ. நல்ல சதையோடு சேர்த்து எடுப்பார்கள். எடுத்த துண்டின் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் வெளி என்று நூல் கட்டி அனுப்புவார்கள். வழக்கமாக மேல் பக்கம் குட்டை நூல், வெளிப்பக்கம் நீள நூல். பரிசோதனைக் கூடத்தில் துண்டின் வெளிப்புறம் முழுக்க மை பூசி, மை பட்ட விளிம்பில் கேன்சர் செல் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். தொடவில்லை என்றால் போதும். உங்கள் அக்காவின் துண்டில் நூலும் மையும் இருந்திருக்காது. ஆகவே விளிம்பு சுத்தமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்றைக்கே அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு பொருளை வாங்குங்கள்: சதைத் துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டை, கண்ணாடி ஸ்லைடுகள். வெறும் ரிப்போர்ட் காகிதம் போதாது. மெழுகுக் கட்டையில் இருந்துதான் ஹார்மோன் ஏற்பிகளும் (ஹார்மோனைப் பிடித்துக் கட்டியை வளர்க்கும் புரதங்கள்) ஹெர்-2-வும் பார்க்க வேண்டும். மீதிச் சிகிச்சை முழுக்க அந்த முடிவைப் பிடித்துத்தான் நடக்கும். துண்டு இன்னும் பாட்டிலிலேயே கிடக்கிறது என்றால், அது 10 சதவீத ஃபார்மலினில் இருக்கிறதா என்று பாருங்கள். சதையின் அளவைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அதில் போட்டிருக்க வேண்டும். உப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போட்டு வைத்தால் ஹார்மோன் டெஸ்ட் தப்பாக "இல்லை" என்று காட்டக்கூடும். அப்படி வந்தால் ஐந்து வருட மாத்திரையின் பலன் அக்காவுக்குக் கிடைக்காமலே போய்விடும்.

பிறகு இரண்டு மார்புக்கும் மேமோகிராம், அக்குள் ஸ்கேன். அடுத்த ஆபரேஷனில் பழைய தழும்போடு அந்தக் குழியின் சுவரை எடுத்து விளிம்பைச் சரிபார்ப்பார்கள். அக்குளையும் அப்போதே பார்ப்பார்கள். முதலில் தப்பாக வெட்டியதால் மார்பே போய்விடும் என்று பயப்பட வேண்டாம், பலருக்கு இன்னும் காப்பாற்ற முடியும். ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம். மார்பில் கட்டி என்றால் கத்தி வைப்பதற்கு முன் ஊசி. தடித்த ஊசியால், மரத்துப்போக மருந்து போட்டு, மூன்று நான்கு இழை சதை எடுப்பார்கள். பத்து நிமிட வேலை. ஊசி குத்தினால் கேன்சர் பரவும் என்று ஊரில் சொல்வது வெறும் பயம். அந்தப் பயத்தால்தான் நேரே கத்தி வைக்கிறார்கள், இப்படி இரண்டு ஆபரேஷன் ஆகிறது.

கேள்வி: நான் கடலில் பாசி எடுப்பவள். வலது மார்பை எடுத்து, அக்குளிலும் நெறிக்கட்டிகளை எடுத்திருக்கிறார்கள். டியூப்பை இன்னும் எடுக்கவில்லை. "இனி அந்தக் கையால் கனம் தூக்காதே, கை வீங்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடலுக்குப் போகாமல் எப்படிப் பிழைப்பது? (மண்டபம்)

பதில்: முதலில் டியூப். அக்குளிலும் மார்புத் தோலுக்கு அடியிலும் நிணநீர் தேங்காமல் வெளியே வரத்தான் அது. தினம் காலையும் மாலையும் சோப்பால் கை கழுவி, டியூப்பில் உள்ள கிளிப்பை மூடி, பாட்டிலில் உள்ளதை அளவு கோப்பையில் ஊற்றி எத்தனை மி.லி. என்று நோட்டில் எழுதுங்கள். பாட்டிலை நசுக்கிக் காற்றை வெளியேற்றி, நசுக்கிய நிலையிலேயே மூடி போட்டுப் பிறகு கிளிப்பைத் திறக்க வேண்டும். பாட்டில் உப்பியிருந்தால் அது உறிஞ்சவில்லை என்று அர்த்தம். முதலில் சிவப்பாக வருவது நாளாக ஆக வெளுத்து மஞ்சள் நீர் போல ஆகும். 24 மணி நேரத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே தொடர்ந்து 2 நாள் வந்தால் எடுத்துவிடலாம். பெரும்பாலும் 7 முதல் 14 நாளில். இதற்காக மதுரை போக வேண்டியதில்லை. நோட்டைக் காட்டி ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுத்துக்கொள்ளலாம். திடீரென்று கருஞ்சிவப்பு ரத்தம் பாட்டில் நிறைய வந்தாலோ, சீழ் வாடை அடித்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ அன்றே ஆஸ்பத்திரி. எடுத்த பிறகு அக்குளில் நீர் கோத்துத் தொளதொளவென்று ஆனால் பயப்பட வேண்டாம், டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார். நீங்களாக அழுத்திப் பிதுக்காதீர்கள்.

மேல் கையின் உள்பக்கம் மரத்துப்போயிருக்கும். அக்குள் வழியே போகும் ஒரு மெல்லிய நரம்பு அறுபடுவதால் அப்படி. ஆபத்து இல்லை, கொஞ்சம் குறையும், சிலருக்கு முழுக்கப் போகாது. அங்கே வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், சுடுவது தெரியாது. கையை முன்னால் நீட்டிச் சுவரைத் தள்ளும்போது தோள்பட்டை எலும்பு சிறகு மாதிரி முதுகில் புடைத்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தோளை அசைக்காமல் வைத்திருப்பதுதான் பெரிய தப்பு. முதல் நாளிலிருந்தே முழங்கை, மணிக்கட்டு, விரல்களை அசைக்க வேண்டும். தோளைத் தோள் மட்டம் வரை மட்டும். டியூப் எடுத்த பிறகு சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் ஏறி, எவ்வளவு உயரம் எட்டியது என்று கரியால் கோடு போடுங்கள். ஒரு நாளைக்கு 3 வேளை, வேளைக்கு 10 தடவை. கோடு வாரா வாரம் மேலே போக வேண்டும். உங்களுக்கு ரேடியேஷன் இருந்தால் இது இன்னும் அவசியம். அந்த மெஷினில் கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்க வேண்டும். தோள் இறுகிப்போனவர்களைப் படுக்க வைக்க முடியாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாள்கள் தள்ளிப்போகும்.

கை வீக்கம் பற்றி. அக்குள் நெறிக்கட்டிகளைக் கூட்டமாக எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. ஒன்றிரண்டை மட்டும் எடுத்தவர்களுக்கு இருபதில் ஒருவருக்குத்தான். "கனமே தூக்காதே" என்பது பழைய அறிவுரை. சிறிய எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிப் பழகிய பெண்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை என்று 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. திடீரென்று தூக்குவதுதான் கெடுதல். முதல் 6 வாரம் கனம் வேண்டாம். பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஈரப்பாசி மூட்டையை முதல் சில மாதம் மற்றவரைத் தூக்கச் சொல்லுங்கள், அல்லது சாக்கைப் பாதி நிரப்பி இடது தோளில் போடுங்கள்.

உங்கள் தொழிலில் மூட்டையை விட மோசமானது விரல் கிழிவது. பாறையிலும் பவளத்திலும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கும்போது கீறல் விழாத நாள் இருக்காது. நிணநீர் ஓட்டம் குறைந்த கையில் சின்னக் கீறலும் ஒரே நாளில் கை முழுக்கச் சிவந்து, குளிர் காய்ச்சலோடு முடியலாம். ஒவ்வொரு தடவை அப்படி ஆகும்போதும் வீக்கம் நிரந்தரமாகக் கொஞ்சம் கூடும். விரலில் துணி சுற்றிக்கொண்டு இறங்கும் வழக்கம் அந்தக் கைக்குப் போதாது. தடித்த ரப்பர் கையுறை, மணிக்கட்டில் இறுக்காததாகப் போடுங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, கீறலில் களிம்பு போடுங்கள். சிவப்பு பரவினால் காத்திருக்காமல் டாக்டரைப் பார்த்து அன்றே ஆன்டிபயாடிக் மாத்திரை தொடங்க வேண்டும்.

மாசத்துக்கு ஒரு நாள் இரண்டு கையின் சுற்றளவையும் அளந்து வையுங்கள். முழங்கை மடிப்பிலிருந்து மேலே 10 செ.மீ., கீழே 10 செ.மீ. தையல்காரர் டேப் போதும். பக்கத்துக்குப் பக்கம் 2 செ.மீ. வித்தியாசம் வந்தால், கண்ணுக்கு வீக்கம் தெரியாவிட்டாலும், டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் இறுக்க உறையும் நீவிவிடும் பயிற்சியும் போட்டுக் குறைத்துவிடலாம். வருடம் கடந்து கல் போல் இறுகினால் கஷ்டம்.

தையலும் டியூப் போட்ட ஓட்டையும் முழுக்க மூடி 6 வாரம் ஆகாமல் கடலில் இறங்காதீர்கள். ரேடியேஷன் நடக்கும்போதும், முடிந்து தோல் ஆறும் வரையிலும் உப்புத் தண்ணீர் ஆகாது. வெந்த தோலில் உப்பும் துணி உரசலும் சேர்ந்தால் உரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் உம்மாவுக்கு 69 வயது. சர்க்கரை உண்டு, இதயத்துக்கும் மாத்திரை எடுக்கிறார். ஒன்றரை செ.மீ. கட்டி, ஹார்மோன் ஏற்பி இருக்கிறது என்று ரிப்போர்ட். வாப்பா இல்லை, நாங்கள் இருவரும் வெளிநாட்டில். கட்டியை எடுத்துக்கொள்கிறேன், கரண்ட் மட்டும் வேண்டாம் என்கிறார் உம்மா. விடலாமா? (கீழக்கரை)

பதில்: முதல் பதிலில் ரேடியேஷனை விடக் கூடாது என்று அழுத்திச் சொன்னோம். அதற்கு விதிவிலக்கு உங்கள் உம்மா போன்றவர்கள்தான். 65 வயதுக்கு மேல், கட்டி 3 செ.மீ.க்குள், நெறிக்கட்டியில் நோய் இல்லை, ஹார்மோன் ஏற்பி உண்டு, விளிம்பு சுத்தம் என்ற 1,326 பெண்களிடம் நடந்த ஆய்வின் 10 வருட முடிவு 2023-ல் வெளியானது. ரேடியேஷன் எடுக்காதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கு அதே மார்பில் திரும்பியது, எடுத்தவர்களில் 0.9 சதவீதம். உயிரோடு இருந்தவர்கள் இரண்டு பக்கமும் சமம், ஏறக்குறைய 81 சதவீதம்.

ஆனால் ஒரு நிபந்தனை: ஹார்மோன் மாத்திரையை 5 வருடம் தினமும் விழுங்க வேண்டும். மூட்டு வலிக்கிறது என்று ஆறாவது மாதத்தில் நிறுத்திவிடுகிற ஆளாக இருந்தால் ரேடியேஷனை விடச் சொல்ல மாட்டோம். வீட்டில் யார் மாத்திரையைப் பார்த்துக் கொடுப்பார்கள் என்று யோசித்து முடிவெடுங்கள். அலைச்சல்தான் தடை என்றால் 5 தடவை முறையைக் கேளுங்கள். அந்நிய ஆண் முன்னால் துணி விலக்க வேண்டுமே என்ற கூச்சம் தடை என்றால், பெண் டெக்னீஷியன் இருக்கும் நேரத்தைக் கேட்டு வாங்கலாம். இதைக் கேட்பதில் தப்பே இல்லை, கேட்காமல் சிகிச்சையை விட்டுவிடுவதுதான் தப்பு.

அக்குளில் காவல் நெறிக்கட்டிச் சோதனை மட்டும் போதும் என்று சொல்வார்கள். மார்பில் நீல மருந்து ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் ஒன்றிலிருந்து நான்கு வரையிலான நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்துப் பார்ப்பது. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் சிறுநீர் பச்சையாகப் போகும். உம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இதயத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தால் அதன் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். எதை, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதை இதய டாக்டரும் மயக்க டாக்டரும் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: என் மனைவிக்கு 7 செ.மீ. கட்டி. உடனே ஆபரேஷன் செய்யாமல் 4, 5 மாதம் கீமோ போடணும் என்கிறார்கள். அதற்குள் பரவிவிடாதா? (ஏர்வாடி)

பதில்: பரவுவதைத் தடுக்கும் மருந்தைத்தான் முதலில் கொடுக்கிறார்கள். கீமோ முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் உயிர் பிழைக்கும் கணக்கில் வித்தியாசம் இல்லை என்று 1,523 பெண்களிடம் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. முன்னால் போடுவதில் லாபம், கட்டி சுருங்குவது. ஹெர்-2 வகையிலும், இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2-வும் ஆகிய மூன்றுமே இல்லாத வகையிலும் சிலருக்குக் கட்டி இருந்த தடமே தெரியாமல் போகும். மார்பைக் காப்பாற்றும் வாய்ப்பு அப்போது வருகிறது.

அதிலேதான் ஒரு சிக்கல்: கட்டியே காணாமல் போனால் சர்ஜன் எதை எடுப்பார்? ஆகவே முதல் கீமோவுக்கு முன்பே கட்டிக்குள் அரிசி மணி அளவுகூட இல்லாத ஒரு உலோகக் கிளிப்பை வைத்துவிட வேண்டும். நெறிக்கட்டியில் நோய் இருந்தால் அதிலும் ஒன்று. வைத்தார்களா என்று கேளுங்கள், இரண்டாவது கீமோ வரை விட்டுவிட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் கட்டியை அளந்து எழுதுகிறார்களா என்றும் பாருங்கள். சுருங்காமல் வளர்ந்தால் மருந்தை மாற்ற வேண்டும், அல்லது உடனே ஆபரேஷன். எவ்வளவு சுருங்கினாலும் உங்கள் மனைவிக்கு ரேடியேஷன் தேவைப்படும் என்றே எதிர்பாருங்கள். தோல் சிவந்து வீங்கிய வகை என்றால் சுருங்கினாலும் மார்பகத்தை எடுக்க வேண்டும். நடுவில் நாட்டு மருந்துக்குப் போய் இரண்டு கீமோவைத் தவறவிட்டு வருகிறவர்களுக்குத்தான் உண்மையில் பரவுகிறது.

கேள்வி: எனக்கு 34 வயது. ஒரு மார்பில் கேன்சர். சித்திக்கும் இருந்தது. பயத்தில் இரண்டையும் எடுத்துவிடலாமா என்று இருக்கிறது. (ராமேஸ்வரம்)

பதில்: அவசரப்படாதீர்கள். மரபணுக் கோளாறு இல்லாதவர்களுக்கு மறு மார்பில் புதிதாக வருவது வருடத்துக்கு அரை சதவீதம் அல்லது அதற்கும் கீழே. அதை எடுப்பதால் ஆயுள் கூடுவதாக நிரூபணம் இல்லை. காயம் இரண்டாகிறது, டியூப் இரண்டாகிறது, ஒரு பக்கம் சீழ் பிடித்தால் கீமோ தள்ளிப்போகிறது.

உங்கள் வயதுக்கும் சித்தியின் கதைக்கும் பி.ஆர்.சி.ஏ. மரபணு டெஸ்ட் அவசியம் எடுக்க வேண்டும். ரத்தம் கொடுத்தால் போதும், முடிவு வரச் சில வாரம் ஆகும். கோளாறு இருந்தால் கணக்கே வேறு: 20 வருடத்தில் மறு மார்பில் வரும் வாய்ப்பு பி.ஆர்.சி.ஏ.-1 கோளாறுக்கு 40 சதவீதம், பி.ஆர்.சி.ஏ.-2 கோளாறுக்கு 26 சதவீதம். அப்போது இரண்டையும் எடுப்பது நியாயமான யோசனை. சினைப்பையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். இப்போது இருக்கும் கேன்சருக்கான சிகிச்சையை முதலில் முடியுங்கள். மறு மார்பைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். இன்னும் குழந்தை வேண்டுமென்றால் கீமோவுக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மார்பை எடுத்து ஒரு வருடம். ரவிக்கையில் பஞ்சு வைத்தால் மேலே ஏறிக்கொள்கிறது. வேறு வழி? (தேவிபட்டினம்)

பதில்: பஞ்சுக்கு எடை இல்லை, அதனால் ஏறுகிறது. தழும்பு ஆறும் வரை பஞ்சு சரி, பிறகு மறு மார்பின் எடைக்கு ஏற்ற சிலிகான் மார்பு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளாடையின் உள்பக்கம் பருத்தித் துணியில் பை தைத்து அதற்குள் வைத்தால் நகராது. ஊக்கு குத்திவிடாதீர்கள், சிலிகான் ஒழுகும். நம் ஊர் வியர்வைக்குத் தினமும் சோப்பில் கழுவித் துடைக்க வேண்டும்.

ஆபரேஷன் மூலம் புது மார்பு உருவாக்குவது வருடங்கள் கழித்தும் முடியும். ரேடியேஷன் எடுத்திருந்தால் சிலிகான் பை வைக்கும் முறையில் அது சுற்றிலும் இறுகிவிடும் வாய்ப்பு அதிகம். வயிற்றுச் சதையிலோ முதுகுத் தசையிலோ செய்வது நல்லது. கையை உபயோகித்து உழைக்கிறவர் என்றால் முதுகுத் தசையை எடுப்பதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள், துடுப்பு போடவும் வலை இழுக்கவும் அந்தத் தசை வேண்டும். புது மார்பில் உணர்ச்சி அநேகமாக இருக்காது.

கேள்வி: காப்பீட்டு அட்டையில் எதெல்லாம் வரும்? மதுரை போய்வரச் செலவுக்கு ஏதாவது சலுகை? (சாயல்குடி)

பதில்: முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் மூன்றும் அங்கீகரித்த ஆஸ்பத்திரிகளில் உண்டு. சேர வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் வேண்டும். அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும், ஆபரேஷன் முடிந்து பில்லைக் கொண்டுபோய் நீட்டினால் பணம் வராது. சந்தேகத்துக்கு 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். அரசுப் பக்கம் என்றால் மதுரை ராஜாஜி மருத்துவமனையின் பாலரெங்காபுரம் புற்றுநோய்ப் பிரிவில் ரேடியேஷன் இருக்கிறது.

ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் இல்லை, உடன் போகும் ஒருவருக்கு அவற்றில் 75 சதவீதம் தள்ளுபடி. இரண்டாம் வகுப்பில் இருவருக்குமே 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் ரயில்வே படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி நிலையக் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். முதல் தடவை ஓ.பி.க்குப் போகும்போதே படிவத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.